தலைகீழாய் வந்த வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வாசலிலிருந்து கம்ப்யூட்டர் வகுப்புக்குக் காலி வீதி என்ற பெரிய றோட்டில் நேரே பத்து நிமிட நடை. திரும்புவதற்கு ஒரு முடக்குக்கூட இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதமேயான சின்ன மாமாவுக்கு வழிகாட்டும் பொறுப்பை அம்மா பதினொரு வயதுக்காரியான என்னிடம்தான் ஒப்படைத்திருந்தா. "மாமா புது ஆள். கையை விடாமல் கூட்டிக்கொண்டு போ" என்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு வயது ஆளை மேய்த்துக்கொண்டு போவதென்றால் சும்மாவா!

வகுப்பில் மாமா ஜாவா படித்தார். நான் மூலையில் இருந்து கொட்டாவி விட்டேன். என் தொல்லை தாங்காமல், படிப்பித்த சேர் ஒருநாள், ஜாவாவில் படமும் கீறலாம் என்று காட்டித் தந்தார். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வட்டம் எவ்வளவு பெரிசு என்று இலக்கங்களைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டர் தானே கீறிவிடும். அடுத்த சனிக்கிழமை அரை மணித்தியாலம் எனக்கென்றே ஒரு மெசின் தருவதாகவும் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிராப் தாளில் கீழே கடல், அதற்கு மேல் ரயில் பாதை, அதில் ஒரு ரயில், அதற்கும் மேல் கூரை வைத்த வீடு. எல்லாம் எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தவைதான். ஒவ்வொரு மூலைக்கும் பக்கத்தில் அதன் இலக்கத்தைப் பொடிப்பொடியாய் எழுதினேன்.

அது சண்டைக் காலம். சந்தியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் வழக்கமாக மாமாவின் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பார்த்து, என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை பையையும் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரர் ஒருவர் என் தாளை எடுத்து, "மொகக்த மே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். ஆமிக்காரர் தங்கள் மேலதிகாரியான பெரியவரைக் கூப்பிட, அவர் வந்து கடற்கரையையும் ரயில் பாதையையும் இலக்கங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அரை மணித்தியாலம் கரைகிறது, இந்த மாமா வாயைத் திறக்கிற பாட்டைக் காணவில்லையே! பள்ளிக்கூடத்து அரைகுறைச் சிங்களத்தில் நானே தொடங்கினேன். இது வீடு, இது ரயில், கம்ப்யூட்டரில் கீறப் போகிறேன், எனக்கு நேரம் போகிறது. மாமா என் கையை எலும்பு நோக நெரித்தார்.

"அப்படியென்றால் கீறிக் காட்டு" என்று பெரியவர் எங்களோடு நடந்து வந்தார். பின்னால் துவக்கோடு இரண்டு ஆமிக்காரர். என் படத்தைப் பார்க்க இத்தனை பேரா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

வகுப்பே எழும்பி நின்றது. நான் இலக்கங்களை உரத்து வாசிக்க வாசிக்க, சேர் பிழை விட்டு விட்டு அடித்தார். பிறகு படம் வந்தது.

ஐயோ! கடல் மேலே கிடந்தது. ரயில் சில்லுகளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மல்லாந்திருந்தது. கூரை நிலத்தைக் குத்திக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடக் கணக்கில் கீழிருந்து மேலே எண்ணுவோம், கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே எண்ணுமாம். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"கே யட்டிகுருனே, நங்கி!" வீடு தலைகீழாய் நிற்குதே தங்கச்சி என்று பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாளை மேசையில் வைத்து, என் தலையில் தட்டிவிட்டு, ஆட்களோடு படியிறங்கிப் போனார்.

நான் ஓவென்று அழுதேன். மாமாவோ கதிரையில் தொப்பென்று இருந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"என்ர படம் பிழைச்சுப் போச்சு, நீங்கள் சிரிக்கிறியள்!"

"இல்லையடி குஞ்சு, உலகத்திலேயே வடிவான வீடு அது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். சீ, இப்படியும் ஒரு மாமாவா!

திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். இரண்டாவதோடு என் கோபம் போய்விட்டது. வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து மூச்சுமுட்டக் கொஞ்சினா. "இனியும் நீதான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றா. படம் பிழைத்தாலும் என் கெட்டித்தனத்தில் அம்மாவுக்கு நம்பிக்கை போகவில்லை என்று எனக்கு ஒரே சந்தோசம்.

அடுத்த சனிக்கிழமை வீட்டை நேராக நிமிர்த்தினேன். வழி தவறவே முடியாத அந்த றோட்டில் மாமாவுக்கு எதற்கு நான் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சாவடி நெருங்கும்போதெல்லாம் அவருடைய கை என் கைக்குள் நனைந்து போகும். கடற்கரைப் பக்கம், வெக்கை அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.