வாளைக் கருவாட்டு ஒட்டியாணம்

அன்று எங்கள் மொட்டை மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அக்கா, அம்மா, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் என் நண்பன். இல்லாதவர்கள் மூன்று பேர். அப்பா, ஒரு வாரம் தங்கி மீன்பிடிக்கும் வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்தார். அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை ஏதோ ஒரு சரக்குக் கப்பலில், எந்தக் கடலில் என்று எங்களுக்குத் தெரியாத இடத்தில் இருந்தார். மூன்றாவது ஆள் மாப்பிள்ளையின் அம்மா. அவர் அங்கே இல்லை என்று பிறகு நான் எத்தனையோ பேரிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாதது அவர்கள் தப்பில்லை.

விளம்பரங்களைக் கிண்டல் செய்து சின்னச் சின்ன வீடியோ போடுவது எனக்கும் நண்பனுக்கும் ஒரு வருடப் பழக்கம். சிவப்பழகு கிரீம் விளம்பரம் மாதிரி ஒன்று செய்தோம்: துறைமுகச் சாலையில் நின்றால் நிலக்கரித் தூசியில் ஏழே நாளில் புதிய நிறம். மனை விளம்பரம் மாதிரி இன்னொன்று: உப்பளத்துக்கு நடுவே நின்றுகொண்டு, "பஸ் ஸ்டாண்டு மிக அருகில், நடந்தால் ஐந்து நிமிடம், நீந்தினால் மூன்று." பகலில் நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சரக்குக்கான காகிதங்கள் தயாரிப்பவன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நான் போக முடிந்ததற்குக் காரணம், பத்தாவதோடு நின்று இறால் கம்பெனியில் இறால் உரிக்கப் போன அக்கா. வீடியோவில் எழுதுவது மட்டும்தான் என்னுடையது, நடிப்பு முழுக்க அவளுடையது. கேமரா முன்னால் அவள் சிரிக்கவே மாட்டாள். அதற்குத்தான் ஊர் சிரித்தது.

அந்தச் சனிக்கிழமை எடுத்தது நகைக்கடை விளம்பரம். உள்ளூர்க் கேபிளில் அப்போது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மணப்பெண் மெதுவாகப் படியிறங்குவாள், அப்பா கண்ணைத் துடைப்பார், வயலின் அழும், "இது தங்கமல்ல, தந்தையின் கண்ணீர்" என்று ஒரு குரல் கனத்து ஒலிக்கும். நாங்கள் அக்காவுக்கு நெத்திலிக் கருவாட்டில் மாலை கோத்துப் போட்டோம். காய்ந்த இறாலில் ஜிமிக்கி. இடுப்பில், வெள்ளிப் பட்டைபோல மின்னும் நீளமான வாளைக் கருவாட்டு ஒட்டியாணம். மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடியை வெயிலுக்குத் திருப்பி முகத்தில் வெளிச்சம் அடித்தோம்.

"ஏலே, நாளைக்கு ஓலை வாசிக்கப்போற பிள்ள. அது மேல கருவாட்டப் போட்டு என்னலே கூத்து," என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. மாலையில உள்ள கருவாட்ட எண்ணி வச்சிருக்கேன், ஒண்ணும் குறையாது," என்றாள் அக்கா.

கடைசிக் காட்சிக்கு ஒரு மாமியார் வேண்டும். நண்பன் அம்மாவின் சேலையை முக்காடு போட்டுக்கொண்டு, கையில் மீன் தராசோடு வந்து, ஒட்டியாணத்தைக் கடித்துப் பார்த்து, "இருபத்திரண்டு கேரட் உப்பு" என்றான். பின்னால் என் குரல்: "செய்கூலி இல்லை. சேதாரம் பூனைக்கு மட்டும்."

நன்றாகத்தான் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். நான் அவனிடம் சொன்னேன்: "கடிக்கதுக்கு முன்னாடி உன் மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, ஒட்டியாணத்தக் கண்ணுகிட்ட கொண்டுபோய்ப் பாரு."

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா அப்படித்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் சேர்த்து வைத்திருந்த நகையை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஹால்மார்க் முத்திரையைத் தேடினார். அன்று படம் எடுத்தவன் இதே நண்பன். அவனுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு நடித்தாள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவும் என்று. மறுநாள் காலை முதல் ஓலை வாசித்தார்கள். மத்தியானம் நான் வீடியோவைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வாசலில் லாரிக்காரர்கள் கூட்டமாக நின்று ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் குரல் கேட்டது. அதில் ஒரு அண்ணாச்சி, "ஏ தம்பி, அந்த மாமியாக்காரி உங்க சம்மந்தியாமே. பாத்தவன் எல்லாம் சொல்லுதான்," என்றார். நான் ஒரு காகிதத்தில் கொள்கலன் எண்ணைத் தப்பாக அடித்தேன். இரண்டாம் முறையும் தப்பாக அடித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் தாய்மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா டீ வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"எங்க அக்கா கோயிலுக்குப் போக முடியல. பின்னாடி ஒருத்தி கண்ணாடிய நெத்தியில ஏத்திக் காட்டுதா. பக்கத்துல உள்ளவ சிரிக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா சாமியார்ட்ட சொல்லி ரெண்டாவது ஓலைய நிறுத்திருவோம்."

"மாமா, அது பொதுவா எடுத்தது," என்றேன்.

"படிச்ச பிள்ள நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவர் எழுந்தார். "வீடியோவ அழிச்சிரு. உங்க அக்காளும் அதுலயே வந்து வருத்தம் சொல்லட்டும்."

வீடியோவை அப்போதே நீக்கிவிட்டேன். அதற்குள் ஊர்பூராவும் நகல் இருந்தது. வருத்தம் சொல்வதற்கு நான் எழுதிக்கொடுத்தேன். "எங்கள் காணொளி எவர் மனத்தையேனும் புண்படுத்தியிருப்பின்" என்று தொடங்கியது அது. அக்கா படித்துப் பார்த்து, "இது யாருலே பேசுவா?" என்றாள். "நான் என் வாயால சொல்லுதேன்" என்றாள். மரியாதையாக இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நல்ல சேலை, வெள்ளைச் சுவர், முகத்துக்குத் தெர்மாகோல் வெளிச்சம். எல்லாம் பழக்கத்தில் செய்தது. அவள் பார்க்காமல் ஒப்பித்தாள். கடைசி வரியில் உதடு நடுங்கியது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அப்படியே போட்டேன். ஒரு மணி நேரத்தில் அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "பாகம் இரண்டு வந்தாச்சு." "இது எந்தக் கடை விளம்பரம், கண்டுபிடிக்க முடியலயே." "கருவாடு எப்ப வரும்னு கடைசி வரைக்கும் காத்திருந்தேன்." ஒருவர் எழுதியிருந்தார்: "கடைசில சிரிப்ப அடக்குனீங்க பாருங்க அக்கா, அதான் நடிப்பு."

அவள் அடக்கியது சிரிப்பை அல்ல.

அதையும் நீக்கினேன். அதற்கும் நகல் இருந்தது. மாப்பிள்ளைக்கு நான் எழுதியவை ஒற்றை டிக்கோடு நின்றன. வெள்ளிக்கிழமை அவர் கப்பல் ஏதோ துறைமுகத்தைத் தொட்டிருக்க வேண்டும். அக்காவுக்கு முதலில் ஒரு செய்தி வந்தது: "பூனைக்குச் சேதாரம் சூப்பர்." அதைப் பார்த்து அவள் ஐந்து நாளில் முதல்முறையாகச் சோறு கேட்டாள். சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது: "அம்மாட்ட பேசினேன். அவங்க சொல்றபடி செய்யுங்க." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அப்பா கரைக்கு வந்தார். கடற்கரையிலேயே அவரை "நகைக்கடை முதலாளி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வந்ததும், "காட்டு," என்றார். ஈரக் கையோடு போனைப் பிடித்துப் பார்த்தார். மனை, கிரீம் வீடியோக்களுக்குச் சிரித்த மாதிரி இதற்கும் சிரித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியதும் சிரிப்பு நின்றது.

"இது அவங்கதான?"

"இல்லப்பா. பொதுவா…"

"ஏலே. எனக்கு எழுத்துதான் தெரியாது. கண்ணு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாங்கள் மூன்றாவது வரிசையில் நின்றோம். சாமியார் ஓலையை எடுத்தார். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. மூன்றாவது ஜோடி. தாளை மடித்து வைத்துவிட்டார். பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அக்கா பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அவள் விரல் அந்தப் பக்கத்தை விட்டு நகரவேயில்லை.

பூசை முடிந்து அப்பாவும் நானும் நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. வழியெல்லாம் நான் ஒரு பேச்சு தயாரித்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது போய்விட்டது.

"உங்களப் பாத்துத்தான் எடுத்தேன். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அக்காளுக்கு அதுல பங்கு இல்ல," என்றேன்.

தாய்மாமா ஏதோ சொல்ல வந்தார். மாப்பிள்ளையின் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நான் ஏன் அப்படிப் பாத்தேன்னு கேட்டியா நீ? என் கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டு விட்டது எட்டு பவுன். அதுல அஞ்சு பித்தள. ஆறு மாசத்துல கழுத்துல பச்சையா இறங்கிச்சு. எங்க மாமியா அத வச்சு இருபது வருசம் பேசுனா. உங்க அக்காள யாரும் அப்படிப் பேசிறக் கூடாதுன்னு பாத்தேன். நீ அதப் படம் பிடிச்சு ஊருக்குக் காட்டிட்ட."

அப்பா கையைக் கூப்பினார். அவர் யாரிடமும் கை கூப்பி நான் பார்த்ததில்லை.

"கைய இறக்குங்கண்ணே," என்றார் அவர். "பன்னெண்டு பவுன்னு பேசுனோம். இப்ப பதினேழாப் போடுங்க. எனக்கு அதுல குண்டுமணி வேண்டாம், எல்லாம் அவ பேர்லயே இருக்கட்டும். ஆனா அவ கோயிலுக்குள்ள வரும்போது ஒருத்தனுக்கும் கருவாடு ஞாபகம் வரக் கூடாது. அதுக்கு அஞ்சு பவுன் வேணும். அதையும் நீங்க கிண்டல் பண்ணுன அந்தக் கடையிலயே எடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரிம்மா," என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா கேட்டது ஒன்றுதான். "வார ஞாயிறு ஓலை உண்டா?"

"உண்டு."

அவள் இறால் கம்பெனியில் வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணம் வங்கியில் இருந்தது. அதுதான் பாதி. மீதிக்கு நான் என் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கினேன். இரண்டாவது ஓலை வாசித்ததற்கு மறுநாள் கடைக்குப் போனோம். சுவரில் பெரிய டிவியில் அதே மணப்பெண் மெதுவாகப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். மாலையை எடுத்துக்கொடுத்த விற்பனைப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

அக்கா கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தபடி, சிரிக்காமல், "சேதாரம் எவ்வளவு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள். ஐந்து பவுன் தங்கம், செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்.