சகலையின் காரவனுக்கு நான் போட்ட லாரி ஸ்பிரிங்

என் சகலைக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எங்கள் குடும்பம் முழுக்க நம்பியதற்கு நான்தான் காரணம். அது சுத்தப் பொய். சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த இத்தனை வருடங்களில் சாலையில் அவர் ஒரு அபராதம்கூட வாங்கியதில்லை. அந்தக் கெட்ட பெயரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அதுவும் மாமியாரிடம். அவருக்கு வாய்த்த இரண்டு மருமகன்களில் நான் மூத்தவன், கிரேன் கம்பெனியில் இன்ஜினியர். சகலை இளையவர், எல்லோருக்கும் பிடித்தவர். எங்களுக்குள் இருந்த போட்டியை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் பழைய காரவன் ஒன்றை வாங்கியிருந்தார். கட்டில், அடுப்பு, பீரோ அளவில் ஒரு குளியலறை, எல்லாம் சக்கரத்தின் மேல். மழைக்காலத்தில் குடும்பத்தோடு ஓமனின் சலாலாவுக்குப் போய், மலைச்சாரலில் வண்டியை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாலைவனத்தில் ஊரார் வீட்டுக்கெல்லாம் குளிர்காற்று ஏற்பாடு செய்தே வயதானவருக்கு, இயற்கையாகக் குளிரும் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் காரவனின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோயிருந்தன. பக்கத்தில் ஒரு டிரெய்லர் கடந்தால் போதும், கல்யாண வீட்டில் குடித்தவர் மாதிரி வண்டி தள்ளாடும். "அண்ணாச்சி, நீங்க இன்ஜினியர்லா? கொஞ்சம் பாத்துச் சரி பண்ணி வையுங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மாமியாரை அழைத்துவர லீவில் தூத்துக்குடிக்குப் போனார்.

ஷாக் அப்சார்பரை மாற்றி, சாய்வைத் தடுக்கும் கம்பி ஒன்றைப் பூட்டி, ஒரே ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் நம் ஆட்களையும் எனக்குத் தெரியும். பக்கத்து எமிரேட்டுக்குப் போவதென்றாலும் லீவில் ஊருக்குப் போவது போலக் கட்டுவார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிரியாணி அண்டா, தண்ணீர் கேன்கள் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஏற்றிக் கணக்குப் போட்டு, தண்ணீர் லாரிக்குப் போடும் பட்டைகளையே போடச் சொன்னேன். "அப் யே டிரக் பன் கயா, பாய்" என்றார் ஒர்க்‌ஷாப் பட்டாணியர். வண்டி லாரியாகிவிட்டது என்கிறார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளோட்டமாக ஃபுஜைரா கடற்கரைக்குக் கிளம்பினோம். மாமியார் வண்டிக்குள் ஏறி ஒரு பார்வை பார்த்தார். "ஒரு நாள் சோலிக்கு இம்புட்டுச் சட்டிபானை எதுக்கு? இட்லியும் பொடியும் போதும். எல்லாத்தையும் எறக்குங்க" என்றார். என் கணக்கு மொத்தமும் வாசலில் இறங்கியது. பாரமில்லாமல் வளையாத லாரி ஸ்பிரிங்கின் மேல் காலி வண்டி புறப்பட்டது. நெடுஞ்சாலையில் கொஞ்சமும் ஆடவில்லை. "அண்ணாச்சி, ரயிலு மாதிரி போவுது!" என்று சகலை பூரித்தார். கடற்கரைச் சாலையில் திரும்பியதும் முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. அவர் மெதுவாகத்தான் ஏற்றினார். பின்கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் உட்கார்ந்த வாக்கிலேயே மேலெழும்பி, கூரையில் தலையை இடித்துக்கொண்டு, ஜெபமாலையோடு என் மனைவியின் மடியில் வந்திறங்கினார். இட்லிகள் நாலாபக்கமும் பறந்தன. மிளகாய்ப்பொடி வண்டி முழுக்கப் பரவியதில் எல்லோரும் தும்மினோம்.

"பெரிய மாப்பிள, வண்டிய நீங்கதான பாத்தீய? ஸ்பிரிங்குல கோளாறா?" என்று தும்மலுக்கு நடுவே கேட்டார் மாமியார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஸ்பிரிங்கெல்லாம் புதுசு அத்தை. ஓட்டுற கையில இருக்கு" என்றேன்.

முன்னாலிருந்து சகலையின் குரல் வந்தது. "மன்னிச்சுக்கிடுங்க அத்தை. இன்னும் மெதுவாப் போறேன்."

இவர் ஓட்டும் வண்டியில் இனி தானும் ஏறுவதில்லை, தன் பிள்ளைகளும் ஏறக் கூடாது என்று மாமியார் அன்றே சொல்லிவிட்டார். அம்மா சொன்ன பிறகு சகலையின் மனைவி ஏறுவாளா? சலாலா அதோடு முடிந்தது. ஒரு காலை நேரத்தில் அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட முடியும். ஆனால் கழற்றினால் என் தப்பை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சகலை கொஞ்ச நாள் வாசலில் நின்ற காரவனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு விற்றுவிட்டார்.

பல வருடங்கள் கழித்து, என் மகனுக்குப் பிறந்த பேரனின் ஞானஸ்நானத்துக்காக இந்த வருடம் மாமியார் மறுபடி வந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தபோது நான் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாமியார் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். "அப்போ எம் மண்ட வீங்குனது உங்களாலயா?" என்றார்.

சகலை என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனார். கட்டிப்பிடிப்பார், அல்லது அடிப்பார் என்று நினைத்தேன். "என்ன அண்ணாச்சி இப்படிக் கெடுத்துப்புட்டீய? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னுதான் கோயிலு, ஏர்போர்ட்டு, ஆஸ்பத்திரின்னு இத்தன வருசமா ஒருத்தரும் என்னயக் கூப்பிடல. நிம்மதியா இருந்தேன்" என்றார். பிறகு, கழுவாத பாத்திரங்களைப் பார்த்தபடி, "சலாலா மட்டும் போயிருக்கலாம்" என்றார்.

"போவோம் தம்பி. வர்ற மழைக்கே போவோம். நான் ஒரு காரவன் வாடகைக்கு எடுக்கேன்" என்றேன்.

"எடுங்க. ஆனா ஸ்பிரிங்குல மட்டும் கை வைக்கக் கூடாது."

அதற்குள் ஹாலிலிருந்து குரல் வந்தது. "சின்ன மாப்பிள! சாயங்காலம் கோயிலுக்கு நீங்களே ஓட்டுங்க!"

என் மகனின் பெரிய காரில் மாமியார் முன்னால் உட்கார்ந்தார். கடைசி வரிசையில், முழங்கால் மோவாயில் முட்ட, நான் உட்கார்ந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கோயில் தெருவில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. சகலை முன்சக்கரங்களைத் தூங்கும் குழந்தையை இறக்குவது போல இறக்கினார். பின்சக்கரங்கள் ஏறும் நேரம் பார்த்து ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். என் தலை கூரையில் இடித்தது.

"அண்ணாச்சி, ஸ்பிரிங் எப்படி இருக்கு?" என்று கண்ணாடி வழியாக விசாரித்தார்.

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாத்தான ஓட்டுதாரு" என்றார்.