கப்பல் மாப்பிள்ளையும் துருப்பிடித்த இன்ஜினும்

என் மகளுக்கு வந்த மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர் என்று எங்கள் சபை மூப்பர் சொன்னார். நான் நம்பவில்லை. சித்தூரில் முப்பது வருஷம் லாரி இன்ஜின் பிரித்தவன் நான். பெண் பார்க்க வந்த அன்று அவன் கையைத்தான் பார்த்தேன். நகக்கண்ணில் ஒரு பொட்டு கறுப்பு இல்லை. முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். இன்ஜின் அப்படிச் சுடாது.

நாயுடுப்பேட்டையைத் தாண்டிப் போனால் கடற்கரையில் பழைய சரக்குக் கப்பல் ஒன்று தரைதட்டிக் கிடக்கிறது என்று லாரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கப்பல் பார்க்க ஆசை, நீதான் காட்டவேண்டும் என்று அவனைப் போனில் கூப்பிட்டேன். அவனால் மறுக்க முடியவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து கிளம்பினோம். வழியெல்லாம் வெயிலைப் பற்றியே பேசினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் பாதி புதைந்திருந்தது. பழைய இரும்புக்காரர்கள் அறுத்துவிட்டுப் போன ஓட்டை வழியாக உள்ளே போனோம். முழங்கால் வரை தண்ணீர். டீசல் நாற்றம். அவர்களால் தூக்க முடியாத இன்ஜின் துருவேறி நின்றது. டீசல் பம்பைத் தொட்டுக் காட்டினேன்.

"இது இன்னாது தம்பி?"

"அது... பைப்பு, மாமா."

"பைப்பா? லாரி கிளீனரு கூட கரெக்டா சொல்லுவான். இன்னும் கல்யாணமே ஆவல, யாரு உனுக்கு மாமா?"

அவன் இரும்பு ஏணியில் ஏறினான். ஓடப் பார்க்கிறான் என்று நானும் பின்னாலேயே ஏறினேன். ஒரு சின்ன அறைக்குள் போய் நின்றான். தரையில் நான்கு போல்ட், அவற்றுக்கு மேல் ஒரு வளைந்த கம்பி.

"அடுப்பு இங்க இருந்துது. கப்பல் ஆடும்போது குண்டான் சறுக்காம இந்தக் கம்பி தடுக்கும். என் வேலை இதான். நான் குக்கு. இன்ஜினியர்னு மூப்பர் சொன்னாரு. எங்கம்மா வாயத் தொறக்காதன்னுச்சு."

"சோறாக்கறது கேவலமாடா? பொய்தான் கேவலம். இப்பவே என் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. என் எதிர்ல."

அவளுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். போட்டான்.

"நான் இன்ஜினியர் இல்ல. குக்கு" என்றான்.

என் மகள் அழுவாள், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்பாள் என்று காத்திருந்தேன்.

"நைனாகிட்ட சொல்ட்டியா? அடிச்சாரா?" என்றாள்.

போனைப் பிடுங்கினேன். "எத்தினி நாளா பேசிக்கினு கீறீங்க?"

கட் செய்துவிட்டாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.

திரும்பும் பஸ்ஸிலேயே சம்மதம் சொன்னேன். வேறென்ன செய்ய? மூப்பரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்தி, ஏன் பொய் சொன்னீர் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். என் மனைவிக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். கேட்டால் சிரிக்கிறாள்.