பூட்டைத் திறந்தவர்கள்

செம்மநத்தத்துக்கு மேலே எங்கள் பக்கம் சிக்னல் கிடையாது. பஸ் நிறுத்தத்தில் மட்டும் டவர் எடுக்கும். அதனால் காபிப் பழம் பறிக்கப் போகிறவர்கள் காலையில் போன்களை ஒரு பையில் போட்டு, நிழற்குடைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவோம். சாயங்காலம் எடுத்தால் மெசேஜெல்லாம் வந்திருக்கும். ஒருத்தர் போனை இன்னொருத்தர் தொட்டதே இல்லை. வெளியூர்க் கூட்டம் வரும் சீசனிலாவது யோசித்திருக்கலாம். ஒரு சாயங்காலம் பை இருந்தது, கொஞ்சம் புதிதாக இருந்த என் போன் மட்டும் இல்லை.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் லாரி ஓட்டியவர். வீட்டுக்கு அழைத்தால் லைன் கிடைக்காதென்று, போகிற வழியெல்லாம் பேசிப் பதிந்து அனுப்புவார். "அம்மிணி, சாப்பிட்டியா? மழை நொம்ப வருது, துணிய எடுத்து ஊட்டுக்குள்ள போடு." அவ்வளவுதான் இருக்கும். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அவர் குரல் மிச்சமிருந்தது அந்தப் போனில் மட்டும்தான்.

போலீசில் புகார் கொடுத்தேன். "ஏனுங்க, நீங்களே மாட்டி வெச்சுட்டுப் போனா எடுக்காம என்ன பண்ணுவாங்க?" என்று சிரித்தாலும் ரசீது கொடுத்தார்கள். பிறகு போன் கம்பெனிக்குப் பேசி, போன் வந்த பெட்டியில் அச்சிட்டிருந்த அதன் அடையாள எண்ணைப் படித்துக் காட்டினேன். களவு போன போனைத் தேடுவது தங்கள் வேலையில்லை என்றாள் மறுமுனையில் இருந்த பெண். எண்ணையாவது குறித்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கும் வழியில்லையாம். விற்கும்போது மட்டும் என் பேர், ஊர், பிறந்த நாள் வரைக்கும் குறித்துக்கொள்ள வழி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து, போன் வாங்கியபோது பில்லில் கொடுத்திருந்த என் தங்கையின் நம்பருக்குக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது: உங்கள் போன் தயார், சேலம் சர்வீஸ் சென்டரில் பெற்றுக்கொள்ளவும்.

முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போனேன். பில்லையும் போலீஸ் ரசீதையும் மேஜையில் வைத்ததும் மேனேஜர் முகம் மாறிவிட்டது. ஆனாலும், கொண்டுவந்து கொடுத்தவர் வந்தால்தான் தர முடியும் என்றார்.

"எடுத்தவன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குக் குடுப்பீங்களா? போலீசக் கூப்பிடுங்க. வாங்காம நான் எந்திரிக்க மாட்டேனுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் போலீஸ் வந்த பிறகுதான் போன் என் கைக்கு வந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை. கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி வெறுமையாக இருந்தது.

"திருடன் அழிச்சுட்டானுங்களா?"

"இல்லைங்க. பூட்டுத் திறக்கலைன்னு கொண்டாந்தாரு. நாங்கதான் எல்லாத்தையும் அழிச்சுத் திறந்தோம்" என்றார் மேனேஜர்.

அங்கேயே வாய்விட்டு அழுதேன். திருடனால் திறக்க முடியாத பூட்டைக் கம்பெனி திறந்து கொடுத்திருக்கிறது. நான் சொன்ன எண்ணை அன்றைக்கே குறித்திருந்தால் அவர் குரல் என்னிடம் இருந்திருக்கும்.

நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். புதுப் போன் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் குரலை அவர்களால் தர முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பூட்டைத் திறக்கும் முன், இது களவு போன போனா என்று ஒரு தடவை பார்க்க முடியும். இனி அப்படிப் பார்க்கிறோம் என்று கோர்ட்டில் சொல்லும்வரை நான் விடப் போவதில்லை.