முகம் திரும்பிய இரண்டு தட்டுகள்

ஊரில் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். ஆள் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். அதோடு எந்நேரமும் செல்போன் கோபுரத்தின் உச்சியில்தான் காட்சி தருவார். வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். பட்டத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய அப்பா, மகன் வேலைக்குப் போன அன்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாற்காலியில உக்காரட்டும்னு படிக்கவச்சா, இவன் கம்பத்துல ஏறி உக்காந்துட்டான்" என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாரே, அதிலேயே தெரியவில்லையா!

இந்த வேலையை வாங்கித் தந்தவர் மனைவியின் அண்ணன். ஆற்றுக்கு அக்கரையில், குன்றின்மேல் நிற்கும் கோபுரம் மச்சானின் பொறுப்பு; இக்கரைக் கோபுரம் இவருடையது. ஒருநாள் விருந்தில், "புத்தகம் படிச்சவனுக்கு நட்டு முறுக்க வருமா?" என்று மச்சான் சீண்டினார். "நட்டு முறுக்குறவருக்கு மீட்டர் படிக்க வருமா?" என்று இவர் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. வேலை விஷயம்கூட அலுவலகம் வழியாகத்தான் போய்வரும். விட்டுக்கொடுப்பதில் இருவரும் சளைத்தவர்கள், முறுக்கிக்கொள்வதில் சளைக்காதவர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் புயல் அடித்தது. பாலம் ஆற்றோடு போயிற்று. கோபுரம் மட்டும் அசையாமல் நின்றது. ஜெனரேட்டரும் ஓடியது. ஆனாலும் ஊரில் ஒரு போன்கூடப் பேசவில்லை. இரண்டு கோபுரங்களிலும் முரசு போல ஒரு தட்டு இருக்கும். அவை நேருக்கு நேர் முகம் பார்த்தால்தான் ஊரின் பேச்சு வெளியே போகும். காற்று இரண்டின் முகத்தையும் திருப்பி வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி கோபுரத்தடிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னங்க, குழந்தைங்க வார்டுல ஆக்சிஜன் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அக்கரை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொன்னா படகுல அனுப்பிடுவாங்க. போய்ச் சொல்லலாம்னா நம்ம படகெல்லாம் ஆத்தோட போச்சு."

"நீ வார்டுல இரு. போனைக் கையிலயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவர் ஏற ஆரம்பித்தார்.

உச்சியில் இடுப்புப் பட்டையை மாட்டி, தட்டைப் பிடித்திருந்த நட்டுகளைத் தளர்த்தி, சிக்னலை அளக்கும் மீட்டரைச் செருகியபோது குன்றிலிருந்து ஓர் ஒளி கண்ணில் வெட்டியது. கண்ணாடி! மச்சானும் ஏறிவிட்டார். கீழே இருந்த ஜெனரேட்டர் காவலாளி பைக்கின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் அனுப்ப, இவரும் வெயிலைப் பிடித்துப் பதில் காட்டினார்.

தட்டை மெல்லத் திருப்பினார். மீட்டரின் முள் எழுந்தது. இறுக்கப் போனால் விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது.

"என்ன தம்பி, கிடைச்சுதா?" என்று காவலாளி கத்தினார்.

"கிடைக்குது! கைக்கு வந்ததும் வழுக்குது!"

"நீங்க போனைச் சரிபண்றீங்களா, மீன் பிடிக்கிறீங்களா?"

எரிச்சலோடு கையை எடுத்து வியர்வையைத் துடைத்தார். கை படாமலே முள் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது: அங்கே மச்சானும் திருப்பிக்கொண்டிருக்கிறார்! ஒருவர் திருப்பும்போது மற்றவர் தொடக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. வழக்கமாக அலுவலகத்து ஆள் போனில் இருந்துகொண்டு, "இவர் நிற்கட்டும், அவர் திருப்பட்டும்" என்று பஞ்சாயத்து பண்ணுவார். இன்று பஞ்சாயத்துக்கு ஆள் இல்லை. அவர் நிற்கட்டும் என்று இவரும், இவர் நிற்கட்டும் என்று அவரும் திருப்பிக்கொண்டே இருந்தால் விடிந்தாற்போலத்தான்.

நட்டை இறுக்கினார். கண்ணாடியை ஆட்டாமல், ஒளி குன்றின்மேலேயே நிற்கும்படி பிடித்துக்கொண்டார். நீங்களே திருப்புங்கள் மச்சான்.

முள் தயங்கியது. பிறகு படியேறுவது போல ஏறி, ஓரிடத்தில் கல்லாய் நின்றது. என்ன கை அந்தக் கை! குன்றின் ஒளியும் இப்போது ஆடாமல் நின்றது. இனி இவர் முறை.

நட்டை மறுபடி தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முள் எழுந்தது, அவர் மயங்கவில்லை. முதலில் வருவது பொய் மேடு, அதைத் தாண்டிப் பள்ளம், அதற்கப்பால்தான் மெய்யான உச்சி என்று படித்தவர். துணிந்து தாண்டினார். முள் விழுந்தது, கிடந்தது, பிறகு எழுந்தது பாருங்கள், மீட்டரின் கடைசிக் கோட்டையே தொட்டது. இறுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் தெருத்தெருவாக மணி அடித்தது. மாடிகளிலிருந்து, கடைகளிலிருந்து, ஜனங்களின் கூச்சல் உச்சிவரை ஏறி வந்தது. அவருடைய சட்டைப்பையும் துடித்தது.

"மாப்ளே, லைனை விடு. என் தங்கச்சி பேசணும்."

"கூப்பிட்டது நீங்கதான் மச்சான்!"

"அட, ஆமால்ல? சரி, தட்டைத் தொட்டுடாதே. நானும் தொடமாட்டேன்."

அவர் இறங்கவில்லை. காற்று இன்னும் அடங்கவில்லை. தட்டு மறுபடி திரும்பினால் யார் பார்ப்பது? பொழுது சாயும் நேரம், கலங்கிய ஆற்றில் ஒரு படகு, சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு, இக்கரை நோக்கி வந்தது. ஊரில் முதலில் அதைப் பார்த்தவர் அவர்தான். மனைவிக்குப் போன் போட்டார். ஒரே மணியில் எடுத்தார்.

"வருது" என்றார் அவர். "கரைக்கு ஆளுங்களை அனுப்பு, தூக்கணும். நிறைய வருது!"