நீச்சல் குளத்தில் நாங்கள் வைத்த படிக்கட்டு

என் மனைவியை நான் ஆறு வருடம் தூக்கியிருக்கிறேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கு, சொந்தக்காரர்கள் கல்யாணம் என்றால் மண்டபத்துப் படிகளில். தூக்குவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பார்க்கிறவர்கள் இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார்கள். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். அவள் என் தோளுக்கு மேலே வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

பண்ருட்டி ரோட்டில் மாடு குறுக்கே வந்த அன்று வண்டியை ஓட்டியது நான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்கு முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆகவே அவளைத் தூக்குவது ஆயுசுக்கும் என் வேலை என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

வாட்ஸ்அப் எல்லார் கையிலும் வந்த புதிதில், தண்ணீரில் இறங்கினால் தோளுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது என்று பிசியோதெரபி செய்கிற அம்மா சொன்னார். எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் நீச்சல் குளம் இருந்தது, பக்கத்திலேயே ஜிம். காலையில் ஆண்கள் பேட்ச், நாலு மணிக்குப் பெண்கள் பேட்ச், ஐந்தரைக்கு மறுபடி ஆண்கள். பெண்கள் பேட்ச் நேரத்தில் ஆம்பளை என்று ஈ காக்காய்கூட உள்ளே போக முடியாது. வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு அட்டெண்டர் அம்மா உட்கார்ந்திருப்பார், தன் மகன் வந்தாலும் விடமாட்டார். நான் போக முடியாதென்றால் யார் தூக்குவது? பெண்களுக்குச் சொல்லித்தரும் டீச்சரைக் கேட்டேன். நாலு பெண்கள் சேர்ந்து பிடித்தால் இறக்கிவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"யாரும் தூக்கக் கூடாது. நானா எறங்கணும், நானா ஏறணும். இல்லன்னா எனக்குக் கொளமே வேணாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்குகிறேன் என்று வருகிறவர்களையெல்லாம் விரட்டினால் எப்படி என்று கத்தினேன். அப்புறம் டவுன்ஷிப் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு அலைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. வாசல் படிகளுக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை போட்டார்கள், உடை மாற்றும் அறைக் கதவையும் ஜிம் கதவையும் அகலப்படுத்தினார்கள். ஆனால் தண்ணீருக்குள் இறங்க, சுவரோடு நட்டுவைத்த இரும்பு ஏணி மட்டும்தான் இருந்தது. கால் அசையாதவள் அதில் எப்படி இறங்குவது?

நாங்களே செய்து தருகிறோம் என்று அனுமதி வாங்கினேன். எனக்கு மைன்ஸில் பெல்ட் செக்‌ஷனில் வேலை, நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது. கூட வேலை செய்த இரண்டு பேரும் நானும் ஷிப்ட் முடிந்ததும் வெளியே ஒரு வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்தோம். நாற்காலியின் உயரத்துக்கு ஒரு மேடை, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் அகலமான இரும்புப் படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி. நாற்காலியிலிருந்து மேடைக்கு நகர்ந்து, படிப்படியாக உட்கார்ந்தபடியே இறங்கலாம். வழுக்காமல் இருக்க மேலே பெல்ட் ரப்பர் ஒட்டினோம். எங்கள் பக்கத்தில் வழுக்குகிற இடம் என்றாலே கழித்துப்போட்ட பெல்ட் துண்டுதான். மாட்டுக்கொட்டகையில், குளியலறையில், வாசல் மிதியடியில், எங்கேயும் அதுதான் கிடக்கும். வேறொன்று இருப்பதே எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

காலை ஏழு மணி பேட்ச்சில் நானே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் பார்த்தேன். ஜம்மென்று இருந்தது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவள் இறங்கியது ஒரு மே மாதத்து நாலு மணிக்கு. வெளியே வந்தபோது இருந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டில் உடை மாற்றும்போதுதான் பார்த்தேன், இரண்டு தொடைக்குப் பின்னாலும் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். கறுப்பு ரப்பர், காலையிலிருந்து வெயிலில் காய்ந்து கிடந்திருக்கிறது. அவளுக்குத் தொடையில் சுட்டதே தெரியவில்லை. கை சுட்டிருக்கிறது. அதைச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்துவிட்டாளாம்.

உணர்ச்சியில்லாத இடத்துப் புண் லேசில் ஆறாது. இரண்டு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். நான் மருந்து போடும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேன். ஒருநாள், அந்தப் படியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

அவள் தலையைத் திருப்பாமல், படியைச் சோதித்துப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். காலை ஏழு என்றேன்.

"நான் போறது நாலு மணிக்கு. எனக்காகத்தான் செஞ்சீங்க, இல்லன்னு சொல்லல. என்னையும் பக்கத்துல வெச்சிக்கினு செஞ்சிருக்கலாம்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் இன்னொன்றையும் சொன்னாள். அன்று இறங்கியது அவளாகத்தான். ஏறும்போது படி உயரமாக இருந்ததால் டீச்சர்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாராம். அவ்வளவு சந்தோஷமாக வந்தவள் அதை மட்டும் என்னிடம் மறைத்திருந்தாள். படிக்கு எட்டு அங்குலம் வைத்திருந்தோம். ஏன் எட்டு? பட்டறையில் கிடந்த தகடு அந்த அளவில் இருந்தது, அவ்வளவுதான். அவள் கைக்கு எவ்வளவு முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை. தூக்கியே பழகியவனுக்கு அந்தக் கேள்வி வராது.

புண் ஆறி உட்கார ஆரம்பித்ததும் அவளே அளவெடுத்தாள். கட்டிலில் போர்வையை மடித்துப் பக்கத்தில் வைத்து, கையை ஊன்றி அதன்மேல் ஏறுவாள். மூன்று போர்வை வரை ஏறினாள். நாலாவதில் பாதியிலேயே கை மடங்கியது. என்னை அறியாமல் என் கை நீண்டது. "வெறும் டேப்பப் புடிங்க" என்றாள். மூன்று போர்வைக்கு ஐந்து அங்குலம் வந்தது.

பட்டறைக்கு அவளையும் கூட்டிப்போனேன். படிகளின் உயரத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினோம். ரப்பரைப் பிய்த்துவிட்டு வெளிர் நிறத்தில் மெத்தென்ற பாய் ஒட்டினோம், மேலே நிழலுக்குத் தகரம் போட்டோம். பேட்ச் தொடங்குமுன் படியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்று அட்டெண்டர் அம்மா தானாகவே சொன்னார்.

மறுபடி போன அன்று நான் வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். ஐந்தேகாலுக்குப் பெண்கள் எல்லாரும் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். இவளைக் காணோம். மறுபடி என்ன சுட்டதோ, எங்கே விழுந்தாளோ. ஐந்தரை ஆயிற்று. ஆண்கள் பேட்ச் ஆட்கள் துண்டும் கையுமாக வந்து சேர்ந்தார்கள், அதில் என் செக்‌ஷன் அதிகாரியும் ஒருவர். நான் உள்ளே போகிறேன் என்று அட்டெண்டர் அம்மாவிடம் சண்டைக்கு நின்றேன். அவர் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் ஆவல சார். தானா எறங்குறாங்க, தானா ஏறுறாங்க, மறுபடி எறங்குறாங்க. நேரமாச்சி, கை குடுக்கட்டுமான்னு டீச்சர் கேட்டாங்க. தொடாதீங்கன்னுட்டாங்க. இன்னும் ரெண்டு வாட்டி எறங்கி ஏறிட்டு வராங்களாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. எவ்வளவு நேரம்தான் ஆகும் என்று பின்னாலிருந்து அதிகாரி கேட்டார். நான் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"உள்ள என் சம்சாரம் இருக்காங்க சார். அவங்களா ஏறி வர்ற வரைக்கும் யாரும் போக முடியாது."

அதிகாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். நாங்கள் எல்லாரும் வாசலில் காத்திருந்தோம்.