கோழிக் காலுக்கு எந்த வளையம்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கூண்டைத் திறந்ததும் நான்கு கோழிகள் ஓடின. ஐந்தாவது நொண்டியது.

தூக்கிப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு நானே கட்டிய பிளாஸ்டிக் டேக் — ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவார்களே, அதுதான் — சதைக்குள் இறங்கியிருந்தது. கீழே கால் வீங்கிக் கிடந்தது.

ஏன் கட்டினேன்? பக்கத்து வீட்டுக் கலைவாணியோடு சண்டை. அவள் கோழிகளும் சிவப்பு, என்னுடையவையும் சிவப்பு. எங்கள் உறுவையாறு கிராமத்தில் கோழிகள் வேலியையா மதிக்கும்? ஒரு நாள், "இது எங்க வூட்டுக் கோழி" என்று அவள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக, நான் ஏதோ சொல்ல... அன்றோடு பேச்சு நின்றது. மறுநாளே என் கோழிகளுக்கு இறுக்கி டேக் போட்டேன். இது மட்டும் முட்டைக்கு வராத விடைக்கோழி. கால் இன்னும் பருக்குமே என்று கோபத்தில் தோன்றவில்லை.

கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். இறக்கையடித்துத் துள்ளியது. ஒரு ஆள் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் வெட்ட வேண்டும். கணவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். மகள் கனடாவில். வீட்டில் ஒரே ஆள் — நான்.

போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உடனே வந்து நிற்கக்கூடியவர்... ஒருவரும் இல்லை.

வேலியருகே போனேன். "கலை... கொஞ்சம் வர்றியா?"

நான் திரும்பிய பிறகுதான் கதவு திறந்தது. வந்து காலைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, இப்டியா கட்டுவாங்க? நீங்க புடிங்க, நான் வெட்டுறேன்."

நகவெட்டியால் நறுக்கினாள். கோழி கத்தவில்லை. நான்தான் அழுதேன். கோழிக்காக மட்டுமா?

மற்ற நான்கு டேக்குகளையும் வெட்டிவிட்டு, புண்ணில் மஞ்சள் வைத்தபடி சொன்னாள்: "கடையில சுருள் வளையம் விக்குதுக்கா. வழவழன்னு இருக்கும். கால்ல லேசா சுத்தணும், மேல கீழ நகரணும். ஆனா கழண்டு வுழக்கூடாது. கோழி வளர வளர பெருசு மாத்தணும்."

மறுநாள் வில்லியனூரில் வாங்கிவந்தேன். எனக்கு மஞ்சள், அவளுக்கு நீலம். வீக்கம் வற்றிவிட்டது, நடையில் மட்டும் லேசான சாய்வு. சண்டைக்குக் காரணமான கோழி யாருடையது? இன்றுவரை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சில கணக்குகள் தீராமல் இருப்பதே நல்லது.

வளையங்களை வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டுமாம். ஞாயிறு ஒன்பது மணிக்கு வருகிறாள். பத்து நிமிட வேலை.

நான் ஆறு மணிக்கே டிகாஷன் போட்டுவிடுகிறேன்.